கோழிக்கு மூணு தீவனம், பூனைக்கு மட்டும் மீந்த சோறா?

கள்ளக்குறிச்சியில எந்தத் தீவனக் கடைக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. கோழிக்கு மட்டும் மூணு வகை மூட்டை அடுக்கியிருப்பாங்க. குஞ்சுக்கு ஸ்டார்ட்டர், வளர்ற கோழிக்கு குரோயர், முட்டையிடுற கோழிக்கு லேயர். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி எடுத்துட்டா கடைக்காரரே, "அண்ணே, இது லேயரு, சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சுக்கு ஆகாது" என்று திருப்பி வாங்கி வெச்சிடுவார். மாட்டுக்கும் அப்படித்தான். கன்னு விழுந்ததும் சீம்பால், கறவை மாட்டுக்குக் கறக்கிற லிட்டரைப் பார்த்து அடர்தீவனம், சினை மாட்டுக்குக் கடைசி ரெண்டு மாசம் தனிக் கவனிப்பு. நெல்லுக்குக்கூட அடியுரம் வேற, மேலுரம் வேற.

அதே வீட்டுத் திண்ணையில ஒரு பூனை படுத்திருக்கும். அதுக்குப் பிறந்ததிலிருந்து சாகிறவரைக்கும் ஒரே சாப்பாடு: நாம தின்னு மீந்தது.

பட்டணத்துல இது வேற மாதிரி நடக்குது. அங்கே மீந்த சோறு இல்லை, கடைப் பாக்கெட். ஆனா பிறந்த குட்டிக்கும் பத்து வயசுப் பூனைக்கும் ஒரே கிண்ணம், ஒரே பாக்கெட். இல்லேன்னா எல்லா வயசுக்கும் பால். இன்னும் சிலர் வீட்டுல பூனையும் சைவம். கிராமமும் பட்டணமும் சேர்ந்து செய்யிற இந்தத் தப்பைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதுறேன். பூனை என்ன ஜாதிப் பிராணி, இப்போ அதுக்கு என்ன வயசு, இந்த ரெண்டையும் பார்க்காம நம்ம வசதியைப் பார்த்து நாம சோறு போடுறோம். இதைப் பாசம்னு சொல்லிக்கிறோம்.

"கரும்புக்குப் பாக்கி வரலை, மழை பெய்யலை, இவருக்குப் பூனைச் சோறுதான் கவலையா?" என்று கேட்பீங்க. கேளுங்க. எனக்கு இருக்கிறது கோமுகி அணைத் தண்ணி பாயிற ஒன்றரை ஏக்கர். கரும்பும் மக்காச்சோளமும் போடுறேன். சோளத்தை உரிச்சு மூட்டை கட்டி வீட்டுக்குள்ள வெச்ச அன்னைக்கே எலிக்குத் தகவல் போயிடும். கல்வராயன் மலைமேல வெள்ளிமலைப் பக்கம் சாமையும் தினையும் வீட்டுல கட்டி வைக்கிறவங்களுக்கும் இதே கதைதான். எலி தின்கிறதைவிட அது மூத்திரம் விட்டுக் கெடுக்கிறது அதிகம். பூனை இல்லாட்டி அடுத்த வழி எலி மருந்து. மருந்து வெச்ச வீட்டுல கோழி சாகும், குழந்தை கையை வைக்கும், மருந்து தின்ன எலியைத் தின்னு பூனையும் சாகலாம். அதனால பூனை எங்களுக்குச் செல்லப்பிராணி மட்டும் இல்லை, வீட்டுல வேலை செய்யிற ஒரு ஆள். வேலையாளுக்குக் கூலி குடுக்காம ஏமாத்துறதைப் பத்தித்தான் பேசுறேன்.

முதல்ல எங்க ஊர்க்காரங்களையே திட்டிடுறேன். இங்கே ஒரு பேச்சு உண்டு: "பூனைக்குச் சோறு போட்டா எலி பிடிக்காது. பட்டினி போட்டாத்தான் பிடிக்கும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. உண்மை அது இல்லை. பசி வேற, வேட்டை வேற. 1976-ல அடமெக் என்கிற ஆராய்ச்சியாளர் இதைச் சோதிச்சுப் பார்த்திருக்கார். பூனைங்க தனக்குப் பிடிச்ச தீனியைத் தின்னுக்கிட்டு இருக்கும்போது எலியை விட்டாங்க. பூனைங்க தட்டை விட்டுட்டுப் போய் எலியைக் கொன்னு, தட்டுக்கிட்ட தூக்கிட்டு வந்து போட்டுட்டு, மறுபடி தீனியைத் தின்னுச்சு. வயிறு நிறையிறதுக்காக மட்டும் அது எலி பிடிக்கலைன்னு இதிலிருந்து தெரியுது.

இதுக்கு மறுப்பும் ஒண்ணு இருக்கு, மறைக்க மாட்டேன். 2021-ல இங்கிலாந்து எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தானியம் இல்லாம, கறிப் புரதம் அதிகமா இருக்கிற தீனி போட்ட பூனைங்க, பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்த பிராணிகள் 36 சதவீதம் குறைஞ்சுதாம். "பார்த்தியா, கறி போட்டா வேட்டை குறையுது" என்று எங்க ஊர்க்காரர் துள்ளுவார். குறைஞ்சுது, நின்னு போகலை. அதுவும் இங்கிலாந்து வீட்டுப் பூனைங்க. பட்டினி போடுறதால நடக்கிறது என்னன்னு நான் திண்ணையிலேயே பார்க்கிறேன். மெலிஞ்ச தாய்க்குப் பால் வத்துது. குட்டி மூணாவது வாரத்துல சாகுது. பிழைச்ச குட்டி நோஞ்சானா நிக்குது. எலி வலைக்கு முன்னாடி மணிக்கணக்கா அசையாம உட்கார ஒரு தெம்பு வேணும். அந்தத் தெம்பு இல்லாத பூனை அடுத்த வீட்டு அடுப்படியில போய் திருடும். அப்புறம் அதைத் திருட்டுப் பூனைன்னு அடிக்கிறோம்.

இப்போ பட்டணத்துக்கு வரேன்.

பூனைன்னாலே பால்னு பாடப்புத்தகத்துலயிருந்து படம் போட்டே பழக்கிட்டாங்க. ஒரு நாள் ஒரு வாய் நக்கினா ஒண்ணும் ஆகிடாது. ஆனா குட்டி வளர வளர, பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற சக்தி பெரும்பாலான பூனைக்குக் குறைஞ்சுடும். வயித்தால போகும். அதைவிடப் பெரிய விஷயம், பால் பூனைக்கு உணவே ஆகாது. டாரின் என்று ஒரு சத்து இருக்கு. கறி, மீன், ஈரல், இருதயம் இதிலெல்லாம் உண்டு. நாய் அதை உடம்புக்குள்ளேயே பெரும்பாலும் செஞ்சுக்கும். பூனையால தேவையான அளவு செஞ்சுக்க முடியாது, தின்னுதான் ஆகணும். 1975-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு செஞ்சாங்க. பூனைங்களுக்குப் புரதம்னு பாலில் இருக்கிற கேசினை மட்டும் குடுத்து வளர்த்தாங்க. கண்ணுக்குள்ள இருக்கிற விழித்திரை கெட்டுப் போச்சு. காரணம் டாரின் இல்லாததுதான். பால்சோறு போட்டு வளர்க்கிறவங்க இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

பாக்கெட் தீனிக் கம்பெனிக்காரங்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். 1987-ல கலிபோர்னியாவுல பால் பியான் என்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் பூனைங்களுக்கு இருதயம் வீங்கித் தளர்ந்து போற நோய்க்கு இதே டாரின் குறைவுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பூனைங்க தின்னது கடையில வித்த தீனி. அதுக்கப்புறம்தான் கம்பெனிங்க டாரினைக் கூட்டிப் போட ஆரம்பிச்சாங்க. எத்தனையோ பூனை செத்த பிறகு வந்த புத்தி அது. ஆனாலும் வந்துச்சு. நம்ம வீட்டுத் தயிர்சோத்துக்கு அந்தப் புத்தி இன்னும் வரலை.

சைவப் பூனை வளர்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க சைவமா இருக்கிறது உங்க உரிமை, உங்க நம்பிக்கை, நான் மதிக்கிறேன். பூனைக்கு அந்த உரிமையைக் குடுக்க உங்களால முடியாது. கேரட்டுல இருக்கிற சத்தை நம்ம உடம்பு வைட்டமின் ஏ-வா மாத்திக்கும், பூனை உடம்பு மாத்தாது. நமக்குச் செடி எண்ணெயிலிருந்து கிடைக்கிற சில கொழுப்பு அதுக்குக் கறியிலிருந்துதான் கிடைக்கணும். கறி சமைக்க மனசு வரலைன்னா முயல் வளர்க்கலாம், கிளி வேண்டாம் புறா வளர்க்கலாம். புலி ஜாதியைக் கொண்டு வந்து பசு மாதிரி நடத்துறது அகிம்சை ஆகாது.

சரி, கறி போடுறவங்க எல்லாம் சரியான்னா, அதுவும் இல்லை. சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுல பார்த்தேன். எலும்பில்லாத கோழிக்கறியை வேகவெச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு, சக்கையை மட்டும் பூனைக்கு வைக்கிறாங்க. டாரின் தண்ணியில கரையிற சத்து. வடிச்ச தண்ணியோட பாதி சாக்கடைக்குப் போயிடுது. ரெண்டாவது, வெறும் கறியில சுண்ணாம்புச் சத்து இல்லை. வளர்ற குட்டிக்கு மாசக்கணக்கா இதையே போட்டா எலும்பு மெலிஞ்சு நொண்டும், தானா ஒடியவும் ஒடியும். எலி தின்கிற பூனையைக் கவனிச்சுப் பாருங்க. கறி மட்டுமா தின்னுது? எலும்பு, ஈரல், ரத்தம், குடல் எல்லாம் சேர்த்து மென்னு முழுங்குது. சுண்டெலி ஒண்ணு கிட்டத்தட்ட 30 கலோரி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200-லிருந்து 250 கலோரி வேணும். அதாவது ஏழெட்டுச் சுண்டெலி. ஒரே வேளையில இல்லை, ராத்திரி பகல்னு பிரிச்சு. எலி உடம்புல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய தண்ணி. இதுதான் பூனைக்கு இயற்கை போட்ட இலை. நாம என்ன போட்டாலும் இந்த இலைக்குப் பக்கத்துல வெச்சு அளந்து பார்க்கணும்.

இனி வயசுக்கு வருவோம். கோழிக்கு மூணுன்னா பூனைக்கு நாலு.

பிறந்த குட்டிக்குத் தாய்ப்பால்தான். அதிலும் முதல் நாள் சீம்பால் கிடைச்சே ஆகணும், நோய் எதிர்ப்புச் சக்தி அதுலதான் இருக்கு. கன்னுக்குட்டிக்கு ஓடி ஓடி ஊட்டுறோமே, அதே கணக்கு. தாய் இல்லாத குட்டின்னா பசும்பால் பத்தாது. பூனைப்பால்ல இருக்கிற புரதத்துல பாதிகூட பசும்பால்ல இல்லை. குட்டிக்குன்னே விக்கிற பால்மாவை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. ஊட்டும்போது கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போடாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். தாய்கிட்ட குடிக்கிற மாதிரி கவுந்து இருக்கணும். உடம்பு சில்லுன்னு இருந்தா முதல்ல சூடு காட்டணும், அப்புறம்தான் பால். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், தினம் 10, 15 கிராம் ஏறணும். மளிகைத் தராசுல நிறுத்துப் பாருங்க. ரெண்டு நாள் எடை ஏறலைன்னா ஏதோ சரியில்லை.

மூணு நாலு வாரத்துல பல் வந்து தாய் தட்டுல வாயை வைக்கும். எட்டு வாரத்துக்குள்ள மெல்லப் பால் மறக்கும். அங்கிருந்து ஒரு வயசு வரைக்கும் அது வளர்ற பிள்ளை. கிலோவுக்குக் கணக்குப் போட்டா, பெரிய பூனையைப் போல ரெண்டு மடங்கு வேணும். வயிறோ நெல்லிக்காய் அளவு. அதனால ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. இந்த வயசுல மட்டும் முடிஞ்சா குட்டிக்குன்னு விக்கிற முழுச்சத்துத் தீனி வாங்குங்க. நான் பாக்கெட்டுக்கு எதிரி இல்லை. எலும்பு கட்டுற வயசுல வீட்டுச் சமையலால அளவு சரியா வராது. கோழிக்குஞ்சுக்கு ஸ்டார்ட்டர் வாங்குறப்போ யாரும் அதை ஆடம்பரம்னு சொல்றதில்லையே.

அடுத்தது சினைப் பூனையும் பாலூட்டுற தாயும். எல்லாரும் கைவிடுறது இவளைத்தான். ஒன்பது வாரம் சுமக்குறா. நாலஞ்சு குட்டி குடிக்கிற காலத்துல வழக்கமா தின்கிறதைப் போல ரெண்டு மடங்கு, சில சமயம் மூணு மடங்கு அவளுக்குத் தேவை. அவளோ குட்டியை விட்டு வேட்டைக்கும் போக முடியாது. கறவை மாட்டுக்கு லிட்டர் பார்த்துப் புண்ணாக்கு கூட்டுற நாம, இவளுக்கு அதே ஒரு பிடி சோத்தை வைக்கிறோம். குட்டிங்க செத்தா "தாயே தின்னுடுச்சு" என்று பழியும் போடுறோம். குட்டித் தீனியே இவளுக்கும் பொருந்தும். அமெரிக்காவுல தீவனத்துக்கு அளவு வகுக்கிற ஆஃப்கோ அமைப்பு பூனைக்கு ரெண்டே கட்டம்தான் வெச்சிருக்கு. வளர்ச்சியும் குட்டி ஈனுறதும் சேர்ந்து ஒண்ணு, வளர்ந்த பூனைக்கு ஒண்ணு. அதனால தாய்க்கும் குட்டிக்கும் ஒரே தட்டு வைக்கலாம்.

வளர்ந்த பூனைக்கு வீட்டுத் தீனி வெச்சே சமாளிக்கலாம். எங்க வீட்டுல ஏரி மீன், மலிவா கிடைக்கிற மத்தி, கோழிக் கடையில ஈரல், இருதயம், அவிச்ச முட்டை. மீனை வேகவெச்சுத்தான் போடணும். கெண்டை மாதிரி சில மீன் பச்சையா இருந்தா வைட்டமின் பி1-ஐ அழிக்கிற பொருள் அதுல இருக்கு, வெந்தா போயிடும். வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க, அதுலயே ஒரு பிடி சோறு பிசையலாம். சோறு விஷம் இல்லை. ஆனா கறி அதிகம் சோறு கொஞ்சம்னு இருக்கணும், நாம போடுறது தலைகீழ். ஈரல் தினமும் வேண்டாம், வைட்டமின் ஏ மிஞ்சிடும். கருவாடுன்னா நல்லா ஊறவெச்சு அலசி உப்பை எடுத்துட்டுப் போடுங்க. வெந்த கோழி எலும்பு ஆகாது, சிலும்பிக் குத்தும். முக்கியமா மீந்த குழம்பு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தைக் கெடுக்கும். குழம்புச் சோறு போடுறதுதான் அன்புன்னு நினைக்கிற பாட்டிமாருக்கு இதைப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க.

எங்க பூனைக்கு எலியும் ஓணானும் வெளியில கிடைக்குது, குறையை அது நிரப்பிக்கும். மூணாவது மாடி ஃப்ளாட்டுல இருக்கிற பூனைக்கு அந்த வழி இல்லை. அதனால உங்களுக்கு முழுச்சத்துன்னு எழுதியிருக்கிற தீனி அவசியம். பாக்கெட்டுல இருக்கிற மீன் படத்தைப் பார்க்காதீங்க, எந்த வயசுக்குன்னு பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதைப் படிங்க. உலர் தீனியில பத்துல ஒரு பங்குதான் தண்ணி. பூனை தானா அதிகம் தண்ணி குடிக்கிற பிராணி இல்லை. ஈரத் தீனியும் கலந்து குடுங்க, ரெண்டு மூணு இடத்துல தண்ணி வைங்க. ஆண் பூனை மூத்திரம் வராம முக்கினா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும், காலையில பார்க்கலாம்னு இருக்கக் கூடாது. கருத்தடை பண்ணின பூனைக்குச் சுமார் கால் பங்கு குறைச்சுப் போட்டா போதும், கிண்ணத்தை நாள் பூரா நிரப்பி வெச்சா உருண்டையாயிடும். அதுக்காகத் திடீர்னு பட்டினியும் போடாதீங்க. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் தின்னாம கிடந்தா ஈரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து.

கடைசியா கிழப் பூனை. பத்து, பதினோரு வயசுக்கு மேல "வயசாச்சு, கறி வேண்டாம், ரசஞ்சோறு போதும்" என்பாங்க. நம்ம தாத்தாவுக்குச் செய்யிறதைப் பூனைக்குச் செய்யிறாங்க. கிழப் பூனைக்குப் பல பேருக்கு நடக்கிறது நேர்மாறு. தின்னதைச் செரிக்கிற சக்தி குறைஞ்சு சதை கரையும். நல்ல புரதம், மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை வேணும். பல் போயிருந்தா பிசைஞ்சு குடுங்க, லேசா சூடு காட்டினா வாசனைக்குத் தின்னும். சிறுநீரகம் கெட்டிருந்தா கதை வேற, அதுக்கு டாக்டர் சொல்ற தீனிதான். நாமா முடிவு பண்ணக் கூடாது. கடையில முதுமைக்குன்னு விக்கிற பாக்கெட்டைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்க. நான் சொன்ன ஆஃப்கோவுல கிழப் பூனைக்குன்னு தனி அளவே கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பேருக்கு அர்த்தம் மாறும்.

இவ்வளவும் செலவுதானேன்னு கேட்கலாம். செலவுதான். 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்போ மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லைன்னாங்க, பாக்கெட்ல விக்கிற நாய், பூனைத் தீனிக்கு 18 சதவீதம் போட்டாங்க. பால் குடுக்கிறது உழைப்பு, எலி பிடிக்கிறது ஆடம்பரம்னு அரசாங்கமும் நம்மளை மாதிரியே நினைக்குது. எங்க சின்னசேலத்துக்குப் பக்கத்துல தலைவாசல் கூட்டுரோட்டுல 2021-ல பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறந்தாங்க, சந்தோஷம். ஆடு, மாடு, கோழிக்கு எந்த வயசுல என்ன போடணும்னு ஊருக்கு ஊரு முகாம் போட்டுச் சொல்றாங்க. அந்த முகாமுல பூனைக்கும் அஞ்சு நிமிஷம் ஒதுக்கினா என்ன குறைஞ்சிடும்? சாக்குமூட்டையைக் காக்கிற பிராணியும் கால்நடைதானே.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இன்னைக்கு ராத்திரி தட்டு வைக்கிறதுக்கு முன்னாடி உங்க பூனையைத் தூக்கிப் பாருங்க. அது குட்டியா, தாயா, நடுவயசா, கிழமா? முதுகெலும்பு கைக்குத் தட்டுதா, விலா எலும்பு தெரியாம கொழுத்திருக்கா? பார்த்துட்டு அதுக்கேத்த மாதிரி போடுங்க. உங்க வீட்டுல என்ன மீந்திருக்குன்னு பார்த்துப் போடாதீங்க.